வால் போட்ட சோறு

"நான் ஊருக்கே போயிடறேன் அம்மா" என்றார் பொன்னுரங்கம். கையில் மூட்டை தயாராக இருந்தது.

நாச்சியம்மையார் அவருடைய குரு. வயதில் அவரைவிட இளையவர்.

"என்ன ஆச்சு?"

"படிச்சதெல்லாம் உள்ளுக்குள்ள செத்துப்போச்சு. பாட்டுச் சொன்னா வாயோட நின்னுடுது. புதுசாவும் ஒண்ணும் வரலை. வெறுங்கூடா உக்காந்திருக்கேன்."

"சரி. உங்க பிள்ளைங்களை யாரு பார்ப்பாங்க?"

பிள்ளைகள் என்றது கல்தொட்டியில் இருந்த தலைப்பிரட்டைகளை. குளம் வற்றியபோது பொன்னுரங்கம்தான் அள்ளி வந்து, கீரை வேகவைத்துப் போட்டு வளர்த்தார்.

"அதுங்களும் என்னைக் கைவிட்டாச்சு. கை முளைச்சதுலேருந்து வாயே திறக்க மாட்டேங்குது. கீரையை அரைச்சுக்கூடப் போட்டுப் பார்த்துட்டேன்."

பெரிய பெரிய பண்டிதர்களின் வாயை அடைத்த மனிதர், ஒரு தலைப்பிரட்டையின் வாயைத் திறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் தொட்டியருகே போனார். மிதந்த கீரையை வழித்து வெளியே எறிந்தார்.

"ஐயோ, பட்டினி கிடக்குமே!"

ஒன்றைத் தண்ணீரோடு உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். "முன்னே வயித்துல சுருள் சுருளா குடல் தெரியுமே. இப்ப?"

"காணோமே! வயிறு ஒட்டிப்போயில்ல கிடக்கு."

"அது கீரை தின்ன குடல். தவளையாகிப் பூச்சி தின்ன உதவாது. அதான் உள்ளேயே செத்துக் கரையுது."

"புதுசு எங்கேருந்து வரும்?"

"பழசுலயே துளித்துளியா கொஞ்சம் சாகாம நிக்கும். முன்னே பார்த்த வேலையை மறந்துட்டு, அதுவே பெருகிப் புதுசைக் கட்டும்."

பொன்னுரங்கம் மூட்டையைக் கீழே வைத்தார்.

"அதுவரைக்கும் எதைத் தின்னு உயிரோட இருக்கும்?"

"வாலை."

"வாலையா?"

"இத்தனை நாள் தன்னைத் தள்ளிக்கிட்டு வந்துச்சே, அந்த வாலைத்தான். அது கொஞ்சங்கொஞ்சமா உள்ளே கரைஞ்சு சோறு போடுது."

பொன்னுரங்கம் தொட்டியின்மேல் குனிந்தார். இந்த அம்மையாரை வாதத்தில் மடக்கிவிட்டுப் போகலாம் என்றுதான் முதன்முதலில் இந்தப் படியேறினார். அந்த வாய்ச்சவடாலை நினைத்து எத்தனை நாள் வெட்கப்பட்டிருக்கிறார்! இன்று, தன்னை இங்கே தள்ளிக்கொண்டு வந்ததே அதுதான் என்று அதன்மேல் அன்பு பொங்கிக்கொண்டு வந்தது. தண்ணீரில் ஆடிய அந்தக் குட்டை வாலைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஊருக்குப் போறதா சொன்னீங்களே?"

"எப்படிப் போறது அம்மா? வால் இன்னும் பாக்கி இருக்கே."