உள்வரிசைக்காரி வெளியே வந்த கதை

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்களும் பேசும். வேலாத்தாள் என்ற பெண்ணின் உடம்பில் இருந்தவை அவளைப் போலவே கொங்குத் தமிழ் பேசின. பின்னே, வேறு எந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்திருக்கும்!

உடம்பு ஓர் ஊர் என்றால் ஒவ்வொரு உயிரணுவும் அதில் ஒரு வீடு. அதன் சுவர் கொழுப்பு. கண்ணுக்கே தெரியாத கொழுப்புப் பெண்கள் இரண்டு வரிசையாக நின்று சுவராக இருந்தார்கள். வெளிவரிசை ஊரைப் பார்த்து நிற்கும், உள்வரிசை வீட்டைப் பார்த்து நிற்கும். உள்வரிசையில் அகத்தாள் என்று ஒருத்தி. அவள் கூட்டத்தார் தப்பித்தவறி வெளிவரிசைக்கு வந்தால் அந்த வீட்டின் வாயிற்காரன் உடனே உள்ளே தள்ளிவிடுவான். வீடே செத்தாலும் அவர்கள் வெளியே முகம் காட்டுவதில்லை. கல்லும் சாந்தும் இல்லாமல் வெறும் கொழுப்பு ஓர் உயிரைப் பொத்தி வைத்திருந்ததே, அதை நினைத்தால் எனக்கு இன்னமும் மலைப்புதான்.

தெருவில் விழுங்கன் என்ற காவல்காரன் சுற்றுவான். கிருமிகளை விழுங்குவதும் செத்த வீடுகளை அப்புறப்படுத்துவதும் அவன் வேலை. ஆனால் செத்த வீடும் உயிருள்ள வீடும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. உயிருள்ளதை விழுங்கிவிடுவோமோ என்று பயந்து அவன் எதையும் தொடவில்லை. செத்த வீடுகள் வெடித்து, உள்ளே பரம்பரைக் குறிப்பைச் சுமந்திருந்த நூல்சுருள்கள் தெருவில் சிதறின. அவற்றை அதுவரை பார்த்திராத காவல் படை, "எதிரி!" என்று அம்பு தொடுத்தது. அந்த நூல் எல்லா வீட்டிலும்தானே இருக்கிறது? அப்புறம் கேட்க வேண்டுமா, சொந்த ஊரையே அடித்து நொறுக்கினார்கள்.

வேலாத்தாளின் கன்னம் சிவந்து தடித்தது. மூட்டெல்லாம் வீங்கியது.

"ஏனுங்க, வெரல மடக்க முடியலீங்க. கொழந்தயத் தூக்க முடியலீங்க" என்று புருஷன் சென்னியப்பனிடம் அழுதாள்.

"நானிருக்கறேன், அழுவாத புள்ள" என்றவன் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் அழுகை உள்ளே எல்லா வீட்டுக்கும் கேட்டது. அந்த நேரம் பார்த்து அகத்தாளின் வீட்டுக்கும் சாவு வந்தது. வாயிற்காரன் கை தளர்ந்து சாய்ந்தான்.

"அண்ணா, நான் வெளிய போறனுங்க" என்றாள் அகத்தாள்.

"வேண்டாங் கண்ணு. வெளிய போனா விழுங்கன் உன்னைய உடமாட்டான்."

"நம்ம ஊடு எப்படியும் போவுதுங்க. இதுவும் வெடிச்சுச் செதறுனா வேலாத்தாளும் போயிருவா."

வாயிற்காரன் வழிவிட்டான். அகத்தாள் வெளியே திரும்பினாள். அவளைப் பார்த்து அவள் கூட்டமே திரும்பியது. சட்டையின் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்ட மாதிரி அந்த வீடு நின்றது.

விழுங்கன் திகைத்துப்போனான். எந்த வீட்டு வாசலிலும் அவன் பார்த்திராத முகம் அது.

"யாரம்மா நீ?"

"உள்ளயே இருந்தவளுங்க. நான் வெளிய நிக்கறேன்னா இந்த ஊட்டுல இனி உசுரு இல்லீங்க. வெடிக்கறதுக்கு முந்தி எங்கள எடுத்துக்குங்க."

விழுங்கன் கைகூப்பினான். பிறகு அவளையும் வீட்டையும் பதமாக வாய்க்குள் வாங்கிக்கொண்டான். ஒரு நூல்கூடத் தெருவில் விழவில்லை. "எதிரி இல்லடா, நம்ம சனம்!" என்று படையைப் பார்த்துக் கத்தினான். அழுதுகொண்டே கத்தினான்.

இதைப் பார்த்த மற்ற வீடுகளும் சாகும்போது அப்படியே செய்தன. தொடுத்த அம்புகள் மெல்ல இறங்கின. ஒருநாள் காலையில் வேலாத்தாளின் விரல்கள் மடங்கின. அவள் குழந்தையை அள்ளித் தூக்கினாள்.

காவல்காரன் அந்த முகத்தைக் கவனிக்கத் தவறினால், இன்றைக்கும் சில உடம்புகளில் சொந்தப் படையே சொந்த ஊரை அடிக்கிறது. ஆனால் அன்று முதல்தான், சாகிற உயிரணு தன் உள்கொழுப்பை வெளியே திருப்பிக் காட்டிவிட்டுப் போகிறது. நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களுக்குள்ளும் எத்தனையோ அகத்தாள்கள் வாசலில் வந்து நின்றார்கள். உங்களுக்கு வலிக்கவே இல்லை.