கோட்டைத் தாண்டியவர்

ஊராட்சித் தலைவர் வேலுச்சாமி ஒரு தீர்மானம் போட்டார். கபடி நடக்கும்போது கோட்டைத் தாண்டி உள்ளே வந்து ஆட்டத்தைக் கெடுக்கிறவன், ஆட்டம் முடியும்வரை ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். சுண்ணாம்புக் கோடு போடுகிற ஒச்சப்பனைக் கூப்பிட்டு, "இறுதி ஆட்டம் முடியறதுக்குள்ள ஒருத்தனையாவது பிடிச்சுக் காட்டு. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்லை" என்றார். சட்டம் போட்டவருக்கு அது வேலை செய்வதைப் பார்க்க ஆசை.

இறுதி ஆட்டத்தன்றைக்குப் பார்த்து ஊரே கைகட்டி உட்கார்ந்திருந்தது. வம்புக்குப் பேர்போன வடக்குத் தெருக்காரர்கள்கூட விசிலடிக்கவில்லை. ஒச்சப்பன் கோட்டையே சுற்றிச் சுற்றி வந்தான்.

பாதி ஆட்டத்தில் தலைவர் வந்தார். வேட்டு வெடித்தது, ஆட்டம் நின்றது. அவர் செருப்புக் காலோடு நடு ஆடுகளத்துக்கு வந்து, எல்லாருக்கும் கைகொடுத்து, ஒழுக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கடைசியில் மைக்கிலேயே கேட்டார்.

"என்னப்பா ஒச்சப்பா, எவனாவது சிக்கினானா?"

"ஒருத்தர் சிக்கியிருக்கார் ஐயா. செருப்புக் கால் கோட்டை அழிச்சிருக்கு."

"யாரு? பேரைச் சொல்லு."

"மைக் உங்க கையில இருக்கு ஐயா. நீங்களே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்."

சனம் சிரித்தது. தலைவர் குனிந்து சுண்ணாம்பு அப்பிய தன் செருப்பைப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தூக்கி, அடியில் நுழைந்து வெளியே போய் நின்றார்.

"அடுத்த வருசமும் கோடு நீயே போடுடா" என்றார் அங்கிருந்து.

"போடுறேன் ஐயா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது."