கனூவிலை ஏறின கரடி

சீலனுக்கு வாயைத் திறந்தா மூடத் தெரியாது. இது எங்கடை ஊர்ச் சங்கத்திலை எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். அவன் என்ரை தங்கச்சியைக் கட்டினவன், ஆனபடியா மற்றவையை விட நான் கூட அனுபவிச்சிருக்கிறன். ஆனா அண்டைக்கு அந்த வாயை நம்பித்தான் என்ரை உசிர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கோடைக்கும் எங்கடை சங்கம் இளையோரைக் கூட்டிக்கொண்டு ரொறொன்ரோவுக்கு வடக்கை உள்ள ஒரு காட்டு ஏரிக்குப் போகும். கனூ எண்ட சின்ன வள்ளத்திலை துடுப்புப் போட்டுக்கொண்டு போய், ஆள் நடமாட்டமில்லாத கரையிலை ரென்ற் அடிச்சுத் தங்கிறது. பொறுப்பா ஒரு பெரிய ஆள் கூடப் போகவேணும். போன வருசம் சீலன் போனவன். இந்த வருசமும் அவனை விடுறதோ எண்டு தாய் தேப்பன்மார் கோயில் கீழ்மண்டபத்திலை கூடி, கை உயர்த்தி முடிவெடுக்க இருந்தவை. சீலன் வேண்டாமெண்டா அடுத்த ஆள் நான்தான். எனக்கு நீந்தத் தெரியாது. வீட்டுக் குளிக்கிற தொட்டிக்குள்ளையே கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஆள் நான்.

வாசலிலையே அவனை மறிச்சன். "மச்சான், உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். பிள்ளையள் பத்திரமாப் போட்டுப் பத்திரமா வந்ததுகள் எண்டு சொல்லிப்போட்டு இரு. அதுக்கு மேலை ஒரு சொல்லும் வேண்டாம்."

"நான் என்ன விசரனோ?" எண்டு கேட்டான். நான் அவனுக்குப் பக்கத்துக் கதிரையாப் பாத்துப் பிடிச்சன்.

சங்கத் தலைவி மங்கையர்க்கரசி ரீச்சர். ஊரிலை கணக்குப் படிப்பிச்சவ, சிரிப்பு வந்தாலும் வாயை இறுக்கிக்கொண்டு இருப்பா. "சொல்லும் சீலன், போன முறை எப்பிடி?"

"ஒரு பிரச்சினையுமில்லை ரீச்சர். பிள்ளையள் பத்திரமாப் போட்டுப் பத்திரமா வந்ததுகள்."

அப்பாடா எண்டு மூச்சு விட்டன். அவன் இருக்கப் போனான். அந்த நேரம் பார்த்துத் தவமலர் எழும்பினா. அவவின்ரை மகள் இந்த வருசம்தான் முதல் முதல் போகப்போறாள். "அண்ணை, கனூவிலை ஓட்டை விழுந்ததெண்டு கதைக்கினம், மெய்யே?"

சீலன் சேட்டுக் கையை மடிச்சுவிட்டான்.

"ஓட்டை விழுந்ததுதான், ஒளிக்க என்ன கிடக்கு? ஒரு வாகனத்தை எடுக்கேக்கை தேங்காய் உடைக்காமல் எடுக்கலாமோ, நீங்களே சொல்லுங்கோ?"

சனம் தலையாட்டிச்சுது. அந்த மண்டபத்திலை தேசிக்காயை நசிக்காமல் கார் எடுத்தவர் ஒருத்தருமில்லை.

"அதுதான் கனூவின்ரை மூக்கிலை ஓங்கி ஒரு அடி. ஊரிலையெண்டா வள்ளம் மரம். இது ஏதோ முட்டைக்கோது மாதிரிச் சாமான். தேங்காய் உடையேல்லை, கனூ உடைஞ்சு போச்சு."

இது மட்டும் நடந்தது. அந்தக் கனூவை நானே பார்த்தனான். மிச்சத்துக்கு நான் பொறுப்பில்லை.

"பிள்ளையள் குளறுதுகள். நான் அசையேல்லை. மனிசி கட்டித்தந்த பிட்டு மிச்சம் கிடந்தது. அள்ளி ஓட்டையிலை வைச்சு அமத்தினன். தண்ணி ஒரு சொட்டு உள்ளுக்கை வரோணுமே! கனூ வாடகைக்குக் குடுக்கிற வெள்ளைக்காரன் சுத்தியலாலை தட்டிப் பாத்தான். பிட்டு வைச்ச இடம்தான் கனூவிலை உறுதியான இடமாம். மற்றக் கனூவுகளுக்கும் அவிச்சுத் தரச்சொல்லிக் கெஞ்சினவன்."

பின்வரிசையிலை ஆரோ "சும்மா விடாதை!" எண்டு சத்தம் போட்டினம். என்ரை தங்கச்சியின்ரை பிட்டு அது. உண்மையாயும் இருக்கலாம்.

அவன்ரை சேட்டைப் பிடிச்சு இழுத்தன். உற்சாகப்படுத்திறன் எண்டு நினைச்சானோ என்னவோ, இன்னும் சத்தமாத் தொடங்கினான். "பிறகு நுளம்பு! இஞ்சத்தை நுளம்பே அது? பின்னேரம் களைச்சுப்போய் ரென்றுக்குள்ளை கண்ணயந்திட்டன். வந்த நுளம்பெல்லாம் ஒண்டாச் சேந்து ரென்றை அப்பிடியே தூக்கிக்கொண்டு ஏரிக்கு மேலாலை பறந்திட்டுதுகள். எழும்பிப் பாத்தா அங்காலைக் கரை. நாங்கள் போகவேண்டிய கரையும் அதுதான். எனக்குத் துடுப்புப் போடுற வேலை மிச்சம்."

"அப்ப பிள்ளையள்?" எண்டு தவமலர் கேட்டா.

"அதுகளைத் தூக்கிவர நுளம்பு திரும்பிப் போச்சுது, பிள்ளை. விட்டிட்டு வருவனே? கேளுங்கோ, இனித்தான் விசயம். அந்தக் கரையிலை கருவாடு சுட்டன்."

கருவாடு எண்டவுடனை ரீச்சரே நிமிர்ந்தா. சாப்பாட்டை மரத்திலை உயரக் கட்டித் தூக்கவேணும், மணம் வரச் சமைக்கக் கூடாதெண்டு அந்தக் காட்டுக் காவல்காரர் படிச்சுப் படிச்சுச் சொல்லுறவை. சீலனுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் சுட்டவனாம்.

"மணத்துக்கு ஒரு கரடி வந்துது. லொறி மாதிரி. 'எட, வரிசையிலை வா' எண்டு அதட்டினன். வந்து நிண்டுது."

"தமிழிலையோ அதட்டினனீங்கள்?" எண்டு பின்வரிசை கேட்டுது.

"பின்னை? நான் இங்கிலீசிலை சொன்னா ஆர் கேக்கிறது? வீட்டிலை பிள்ளையளே கேக்கிறேல்லை." சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அதோடை அவனுக்குத் தலைகால் தெரியேல்லை. "கருவாட்டைத் திண்டுது. உறைப்புத் தாங்காமல் ஏரித்தண்ணியைக் குடிச்சுது. குடிச்ச குடியிலை ஏரி வத்தி, கனூ சேத்திலை இருந்திட்டுது. எனக்கு வந்த கோவம்! 'நீ குடிச்சனி, நீதான் இழுக்கோணும்' எண்டன். இழுத்துது. தண்ணி வந்தவுடனை தானும் ஏறி இருந்திட்டுது. முன்னாலை கரடி துடுப்புப் போடுது, பின்னாலை நான், நடுவிலை பிள்ளையள். போற வழியிலை நீர்வீழ்ச்சி. கீழை விழுந்தமெண்டு நினைக்கிறியளோ? மேலை ஏறினம்!"

இப்ப ஒருத்தரும் சிரிக்கேல்லை. தவமலர் கைப்பையை எடுத்துத் தோளிலை போட்டா. "என்ரை பிள்ளையை நான் விடமாட்டன்."

ரீச்சர் கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சா. "சீலன், யோசிச்சுப் பதில் சொல்லும். நீர் சொன்னது உண்மையெண்டா ஒரு தாயும் தன்ரை பிள்ளையை உம்மோடை விடாது. புளுகெண்டாப் பரவாயில்லை. புளுகிற ஆக்களைத் தள்ளத் தொடங்கினா இந்தச் சங்கத்திலை ஆள் மிஞ்சாது. கரடி வந்ததோ, இல்லையோ?"

சீலனுக்கு வேர்த்துது. அவனைப் பாக்க எனக்குப் பாவமாப் போச்சு. வருசம் முழுக்கப் பக்ரறியிலை பெட்டி அடுக்கிறவன். அந்த ஏரிக்கரையிலைதான் நாலுபேர் அவனை அண்ணை, அண்ணை எண்டு கேட்டு நடக்கிறது. அவனுக்கு அங்கை போகவேணும். எனக்கு அவன் போகவேணும். கதிரைக்குக் கீழை கையெடுத்துக் கும்பிட்டன்.

"இல்லை ரீச்சர்," எண்டான் மெல்ல. "கரடி வரேல்லை."

"நீர்வீழ்ச்சி?"

"இல்லை."

"நுளம்பு?"

"கடிச்சது மட்டும்தான்."

"நல்லது. சீலன் போறதுக்குச் சம்மதமானவை கையை உயர்த்துங்கோ."

ஒவ்வொரு கையா எழும்பிச்சுது. தவமலரும் உயர்த்தினா. நான் எழும்பி நிண்டு ரெண்டு கையையும் உயர்த்தினன், கால் உயர்த்தலாமெண்டா அதையும் உயர்த்தியிருப்பன். ரீச்சர் எண்ணத் தொடங்கினா.

தவமலர் நல்ல மனசோடைதான் சொன்னா. "பாவம் அண்ணை. அந்தப் பக்கம் கரடி கனக்க எண்டு சொல்லுவினம். வராமல் விட்டது உங்கடை நல்ல காலம்."

"நல்ல காலமோ?" சீலன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். "எப்பிடிப் பிள்ளை வரும்? நான் வாறன் எண்டு கேள்விப்பட்டு, முதல் நாளே அந்தக் காட்டுக் கரடியெல்லாம் குஞ்சுகுருமனோடை அமெரிக்காவுக்கு ஓடிட்டுதுகள்! எல்லையிலை ஒண்டை மட்டும் மறிச்சுத் திருப்பி விட்டிட்டாங்கள். அதுதான் கனூவிலை ஏறினது!"

"எல்லாரும் கையை இறக்குங்கோ," எண்டு ரீச்சர் சொன்னா.

இறக்கிச்சினம். நான் மட்டும் வாயைப் பிளந்தபடி அவனையே பாத்துக்கொண்டு நிண்டிட்டன். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்ரை பக்கம் திரும்பினா.

"சிவபாதம் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிக்கிறார். சந்தோசம். இந்த வருசம் அவர் போறார்."