கூப்பிட வேண்டியவர்

பாளையங்கோட்டையில் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்துவந்தார் ரஹ்மத் நிஷா. அவருடைய மாணவர்களில் சற்குணம்தான் மூத்தவர். வயது அறுபத்தொன்று. ஆசிரியையை விட இருபத்தைந்து வயது பெரியவர்.

முதல் நாளே சற்குணம் சொல்லிவிட்டார். "எனக்கு வேலைக்கெல்லாம் வேண்டாம் டீச்சர். என் மக எழுதினதைப் படிக்கணும்."

மகள் பெயர் பியூலா. அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். "இனி என் வாசப்படி ஏறாத" என்று அனுப்பிவிட்டார். அதன்பின் ஏழு வருடம் பேச்சில்லை. நோய் முற்றியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்தவர்களின் விவரங்களை வைத்துக்கொள்ள ஒரு புரோகிராம் எழுதிக்கொடுத்தாள். பிறகு அவளே நோய் முற்றி அங்கே எட்டாம் படுக்கையில் படுத்தாள். அவள் போனது சற்குணத்துக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

ஐந்து மாதம் படித்தார். இல்லத்துச் சிஸ்டர்கள் சம்மதிக்க, ஒரு காலையில் ஆசிரியையும் அவரும் அங்கிருந்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். பியூலா எழுதிய வரிகள் எங்கும் கிடைக்கவில்லை. புரோகிராம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதினது இல்லாம எப்படி டீச்சர் படிக்கிறது?"

"ஓடிக்கிட்டு இருக்கிறதையே கேக்கலாம் ஐயா. உனக்குள்ள என்னென்ன இருக்குன்னு கேட்டா, அது சொல்லும்."

ஒவ்வொரு நோயாளியின் விவரத்துக்கும் அச்சாக அவள் எழுதியிருந்த 'நோயாளி' என்ற கிளாஸைக் கேட்டார். அதற்குள் இருந்த பண்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. பெயர். வயது. படுக்கை. மருந்து. வலி. கடைசியில், வெளியே தெரியாமல் அவள் மறைத்து வைத்திருந்த ஒன்று: கூப்பிட வேண்டியவர்.

"இதுக்குள்ள இருக்கிறதையும் பாக்க முடியுமா?"

"முடியும். மறைச்சு வச்சதும் திறக்கும்." ஆசிரியை அவரிடம் திரும்பினார். "பாக்கணுமா ஐயா?"

அவர் பார்த்தார்.

பியூலா. முப்பத்து நாலு. எட்டாம் படுக்கை. வலி, பத்துக்கு ஒன்பது. கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் ஒன்றுமில்லை.

"எழுதிட்டு அழிச்சாளா? இல்ல, எழுதவே இல்லையா?"

"இப்ப இருக்கிறதைத்தான் அது சொல்லும்."

மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தார். நாற்பது பேர். எல்லோருக்கும் ஒரு பெயர் இருந்தது. அண்ணன், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர். யாருமற்ற ஒருவருக்குத் தெருமுக்குக் கடைக்காரர்.

சற்குணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"இதுல நான் எழுதலாமா டீச்சர்?"

"எழுதலாம்."

எப்படி என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஒரு விரலால் தட்டினார். தன் பெயர், பத்து இலக்க எண். ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். பிறகு பியூலாவின் விவரத்தை மறுபடி கேட்டார்.

கூப்பிட வேண்டியவர்: சற்குணம், அப்பா.

வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மக ஏத்துக்கிட்டா டீச்சர்," என்றார்.

ரஹ்மத் நிஷா தன் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

"அது புரோகிராம் ஐயா. அதுக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியாது."