நாற்பத்தேழாவது மரம்

ஸ்டேஷன் சாலையின் நிழலை ஊரே கொண்டாடியது. அதை உண்டாக்கிய தெய்வநாயகத்தின் கண்ணுக்கு மட்டும் அதிலிருந்த ஓட்டைதான் தெரிந்தது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன், பொட்டல் புழுதியில் இருபுறமும் மருதங்கன்று நட்ட இன்ஜினியர் அவர். "மனுஷனுக்கே தண்ணி இல்ல, மரத்துக்கா?" என்று ஊர் சிரித்தது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி ஓடியே மரங்களை வளர்த்தார். ஆறு வருஷத்துக்கு முன் புயலில் நாற்பத்தேழாவது மரம் விழுந்தது. அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வைத்த ஐந்து கன்றுகளையும் யாரோ வேரோடு பிடுங்கிவிட்டார்கள்.

பழுப்பேறிய வரைபடத்தோடு குருவிடம் வந்தார். குரு வள்ளிநாயகி அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் தெய்வநாயகத்துக்கு அவர் அம்மாதான்.

"அம்மா, நான் கண்ணை மூடறதுக்குள்ள வரிசை நிறையணும். பிடுங்கினவன் கிடைச்சா போலீஸ்ல கொடுப்பேன். அதுவரைக்கும் தியானத்துல உட்கார முடியல."

அம்மா எழுந்தார். ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்கு அழைத்துப்போய், தெய்வநாயகத்தின் தோள் துண்டாலேயே அவர் கண்ணைக் கட்டினார்.

"என் வீட்டுச் சந்துக்கு நடங்க, ஐயா. நான் பின்னாலேயே வரேன்."

உச்சிவேளை. ஆனாலும் பாதை நெடுகக் குளுமை. பெருமையாக நடந்தார். சந்து எங்கே என்றுதான் புரியவில்லை. திடீரென்று முகத்தில் சுளீரென வெயில். நின்றார்.

அருகே ஒரு கைத்தடி தட்டியது.

"கொஞ்சம் விலகுங்க. நான் இங்க திரும்பணும்."

"சந்து இதுதான்னு எப்படித் தெரியும்?"

"வெயில் அடிக்குதே! ரயில்ல கடலைமிட்டாய் விக்கிறேன், சவரியப்பன். கண்ணு தெரியாது. முன்னெல்லாம் வீட்டுக்குப் போக நாலு பேரைக் கேக்கணும். புயல்ல மரம் விழுந்த பிறகு யாரையும் கேக்கிறதில்ல."

தெய்வநாயகம் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"கன்னு வைக்கிறாங்களே?"

"யாரோ நல்ல மனுஷன். பிடுங்கும்போதெல்லாம் அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுக்குவேன். அது வளந்து வெயிலை மறைச்சுட்டா நான் வீட்டைத் தாண்டிப் போயிடுவேனே."

தடிச் சத்தம் சந்துக்குள் போனது. தெய்வநாயகம் துண்டை அவிழ்த்தார். கண் நனைந்திருந்தது. வரைபடத்தை விரித்து, சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்த வட்டத்தைக் காட்டினார்.

"அப்ப இந்த நாற்பத்தேழு காலியாவே இருக்கட்டுமா, அம்மா?"

"காலியா எதுக்கு? சவரியப்பன்னு எழுதுங்க."