மூடி திறக்காத அடுப்பு

ஒச்சப்பனுக்குப் பெண் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. கடைசியில் பக்கத்து ஊர் தவசி கொஞ்சம் இறங்கிவந்தார். "என் மக ருசியாத் தின்னு வளந்தவ. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன். உங்க வீட்டுக் கறி எப்படின்னு பாத்துட்டுத்தான் முடிவு சொல்வேன்" என்றார்.

ஒச்சப்பன் தம்பி வீரணனையும் அக்காள் புருஷன் சிவனாண்டியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான். புகையிலேயே கறி வேகவைக்கும் பெல்லட் அடுப்பு ஒன்றை வாங்கினான். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் கட்டிகள்தான் பெல்லட். அதையும் ஒரு மூட்டை வாங்கினான்.

கடைக்காரர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். "முதல்ல அடுப்பைச் சூடேத்துங்க. சூடேறினப்புறம் மூடியைத் திறக்காதீங்க, பெல்லட் வீணாப்போகும். காத்து அடிச்சாலும் கூடுதலா எரியும், மறைப்புக் கட்டுங்க. கறியை வேகவைக்கிறது புகைதான், அதை மறந்துடாதீங்க."

மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்தக் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

ஞாயிறு காலை அடுப்பு நன்றாகச் சூடேறியது. மசாலா தடவிய ஆட்டுத்தொடையோடு ஒச்சப்பன் வந்து, மூடியில் கை வைத்தான். சிவனாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், சூடேறிடுச்சு. இனித் திறக்கக்கூடாது."

"தொறக்காம கறியை எப்படி உள்ளே வைக்கிறது?"

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். மத்தியானமானால் தவசி வந்துவிடுவார்.

"அடுப்பை ஆறவிட்டுத் தொறந்தா?" என்றான் வீரணன்.

"வச்சப்புறம் திரும்பச் சூடேத்தணுமே. கடைக்காரரு முதல்ல சூடேத்தச் சொன்னாரா, கறியை வைக்கச் சொன்னாரா?" என்று சிவனாண்டி மடக்கினார்.

ஒச்சப்பனுக்குத்தான் பளிச்சென்று பட்டது. "வேகவைக்கிறது புகைதானே? புகை வெளியேதானே வருது? அப்புறம் கறிக்கு உள்ளே என்ன வேலை?"

அப்படியொரு மூளை தனக்கு இருப்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

வீரணன் முக்காலியில் ஏறி, தொடையைப் புகைக்குழாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். கிழக்கேயிருந்து காற்று வந்தது. மற்ற இருவரும் தார்ப்பாயை விரித்துக் கிழக்கே மறைத்தார்கள். காற்று தெற்கே திரும்பியது. தார்ப்பாயும் தெற்கே ஓடியது. மேற்கே திரும்பியது, அங்கேயும் ஓடியது. இப்படி அடுப்பை அவர்கள் சுற்றிச் சுற்றி வர, அந்த வழியாகப் போன ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் பின்னாலேயே சுற்றிவிட்டுப் போனாள்.

உச்சி வெயிலில் தவசி வந்து சேர்ந்தார். தொடை பச்சையாகவே இருந்தது. வீரணன்தான் நன்றாகச் சிவந்து, மணமாக இருந்தான்.

தவசி தொடையை அழுத்திப் பார்த்தார். "வேகலையே மாப்பிள்ளை."

போச்சு, கல்யாணம் போச்சு என்று நினைத்த ஒச்சப்பன் மூட்டையை இழுத்து முன்னால் வைத்தான். "வேகலை மாமா. ஆனா மூடியை ஒருதடவைகூடத் தொறக்கலை. மூட்டையில முக்கால்வாசி அப்படியே மிச்சம்."

தவசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. அடுப்பை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இந்த ஒரு அடுப்புக்கே முக்கால் மூட்டை மிச்சமா?"

"ஆமா மாமா."

"அப்போ கல்யாணத்துக்கு நாலு அடுப்பு வச்சா?"

சிவனாண்டி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "மூணு மூட்டை மிச்சமாகும்."

"இவ்வளவு சிக்கனமான வீட்டை விடலாமா? வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சிடுவோம்" என்று தவசி ஒச்சப்பனைக் கட்டிக்கொண்டார்.

மிச்சமாகப்போகும் மூட்டைகளை அடுக்க இடம் வேண்டுமே என்று, மாமனாரும் மருமகனும் அப்போதே தொழுவத்துக்குப் போய், மாடுகளை அவிழ்த்து வெளியே கட்டினார்கள்.