ரீகன் கல்லில் இரண்டு சொட்டு

சுடர்க்கொடி மேடத்துக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் பாடம் கேட்கப் போகும் எங்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். வாரநாளில் கல்லூரியில் நிலவியல் நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் போன்ற ஆர்வக்கோளாறுகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பாறை காட்டப் போவார்.

எங்களில் முதல் மாணவர் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். அதனாலேயே ஆசிட் பாட்டிலை மேடம் அவர் பொறுப்பில் விட்டிருந்தார். கல்லின்மேல் ஒரு சொட்டு விடவேண்டும். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், நுரைக்காவிட்டால் வேறு.

அவர் விரலில் ஒற்றை முத்து வைத்த மோதிரம் இருக்கும். மறைந்த மனைவியின் கம்மலில் இருந்த முத்து. சோப்பு பட்டால் மங்கிவிடும் என்று குளிக்கும்போது கழற்றி வைப்பதாக பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று மன்னார் வளைகுடாக் கரைக்குப் போயிருந்தோம். பனங்காட்டுக்குள் ஒரு பெரிய பள்ளம். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கிக் காணாமல் போகிறது. அரை மைல் தள்ளி, கடலோரப் பாறைக்கு அடியில் நல்ல தண்ணீராக ஊறி வருகிறது.

"மழையிலயும் துளி ஆசிட் இருக்கு. அதுதான் இந்தப் பாறையக் கரைச்சு வழி பண்ணிருக்கு," என்றார் மேடம்.

ஆவுடையப்பன் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்.

கரைமேட்டில் உடைமர நிழலில் ஒரு கல் நட்டிருந்தது. இடுப்பளவு உயரம். மேலே சிலுவை, கீழே 'ரீகன்' என்று ஒரு பெயர். எண்ணெய் தடவித் தடவிக் கறுத்திருந்தது.

"இது கருங்கல்லு," என்றார் எங்களில் ஒருவர்.

"பவளப்பாறை, சுண்ணாம்புதான். பந்தயமா?" என்றார் ஆவுடையப்பன். யாரும் தடுப்பதற்குள் பெயரின்மேல் இரண்டு சொட்டு விட்டார். சுர்ரென்று நுரைத்தது.

"பாத்தீங்களா! நான் சொல்லல?"

மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தார். சவேரியம்மாள், அந்த ரீகனின் தாய்.

"என் புள்ள மேல என்னத்தய்யா ஊத்துன?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு சோதனை. இது வெறும் கல்லுதான?"

"கல்லா? கடலுக்குப் போனவன் உடம்பாக்கூட வரல. அவன் சட்டைய உள்ள வச்சு இத நட்டிருக்கேன். உப்புக்காத்துல பேரு அழிஞ்சிரக் கூடாதுன்னு தெனம் எண்ண தடவுறேன். நீ வந்து பொங்க வச்சுப் பாக்குற! படிச்ச மனுசந்தானா நீ?"

நுரை அடங்கியிருந்தது. கறுத்த கல்லில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஓர் எழுத்தின் ஓரம் லேசாக மழுங்கியிருந்தது.

"ரெண்டு சொட்டுதாம்மா. வேணும்னா புதுக்கல்லு வச்சுத் தர்றேன்," என்றார் ஆவுடையப்பன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த பாட்டிலைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன். புதுக்கல்லாம்!

மேடம் தன் குடிதண்ணீரைக் கல்லில் ஊற்றிக் கழுவினார். துப்பட்டாவால் ஒற்றி எடுத்தார். பிறகு சவேரியம்மாள் முன்னால் கைகூப்பினார்.

"என் மேலதான் தப்புங்கம்மா."

"போங்க. எல்லாரும் போங்க இங்கருந்து," என்றார் சவேரியம்மாள்.

பஸ் நின்ற இடத்துக்கு வந்தோம். சாப்பாட்டுப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. ஆவுடையப்பன்தான் கொதித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு மேடம் கையெடுத்துக் கும்பிட்டீங்க? சந்தேகம் வந்தா ஒரு சொட்டு விட்டுப் பாருங்கன்னு சொன்னது நீங்க. மழையே ஆசிட்டுன்னு சொன்னதும் நீங்க. மழை பெஞ்சா அந்தம்மா மழைகூடச் சண்டைக்குப் போவாங்களா? நான் என்ன தப்புப் பண்ணினேன், சொல்லுங்க."

"பாட்டிலைக் குடுங்க சார்."

கொடுத்தார்.

"கையை நீட்டுங்க."

நீட்டினார்.

மேடம் மூடியைத் திறந்தார். சொட்டுக்குழாயில் ஆசிட்டை உறிஞ்சி, மோதிரத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது முத்தா, பிளாஸ்டிக்கா?"

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார் ஆவுடையப்பன்.

"என்ன மேடம் இது! முத்துதான். எனக்குத் தெரியும்."

"சோதிக்காம எப்படித் தெரியும்? முத்தும் சுண்ணாம்புதான் சார். நுரைக்கும்."

"வேண்டாம் மேடம்."

"ரெண்டு சொட்டுதான்."

"விளையாடாதீங்க!"

"வேணும்னா புது முத்து வாங்கித் தர்றேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மற்றக் கையால் மோதிரத்தைப் பொத்திக்கொண்டார்.

"மேடம், இது என் சரோஜினியோட..."



மேடம் பாட்டிலை மூடித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அத்தனை கோபத்தில் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

டிரைவர் வண்டியை எடுக்கலாமா என்று கேட்டார். மேடம் பொறுங்கள் என்று கை காட்டினார். ஆவுடையப்பன் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே சவேரியம்மாள் கல்லுக்கு முன்னால் குந்தி, எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போய் அந்தம்மாகிட்ட என்ன சொல்றது மேடம்?"

"மோதிரத்தைக் காட்டுங்க. யாரோடதுன்னு சொல்லுங்க."

"காது குடுத்துக் கேக்க மாட்டாங்க. திட்டுவாங்க."

"திட்டு வாங்கிட்டு வாங்க. பஸ் நிக்கும்."